பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் போடாததற்குக் காரணம் என் பழைய லேப்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. என் லேப்டாப்பில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11-க்கும் போக முடியாது. சரி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். போடுவது இருபது நிமிட வேலைதான். அதற்கு அப்புறம்தான் வைஃபை அடையாளமே இல்லை என்று பார்த்தேன். லேப்டாப்பில் லேன் கேபிள் செருகும் துளையும் கிடையாது. வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் வேண்டுமானால் இணையம் வேண்டும், இணையம் வேண்டுமானால் டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதை.

இத்தனைக்கும் மின்ட்டை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வேலை செய்யாது என்பது அங்கேயே தெரிந்திருக்கும். எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் நேராக டிஸ்க்கை அழித்தேன்.

கடைசியில் கைகொடுத்தது போன்தான். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் லேப்டாப் அதை லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்கிறது, தனி டிரைவர் கேட்பதில்லை. போன் வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையே பகிரும், டேட்டாவும் தீராது. முதலில் நான் செருகிய கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம். அரை மணி நேரம் போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இணையம் வந்ததும் டிரைவர் மேனேஜரே வைஃபைக்கு உரியதைக் காட்டியது. நிறுவினேன், ரீபூட் செய்தேன், அப்போதும் வைஃபை வரவில்லை! நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும்போது, கையொப்பச் சாவியை நாம் பதிவு செய்யாத வெளி டிரைவரை லினக்ஸ் ஏற்றாது. நிறுவும்போதே இதற்கென ஒரு கடவுச்சொல்லை வைக்கச் சொன்னது. ரீபூட்டில் வரும் நீலத் திரையில் அதைக் கொடுத்துச் சாவியைப் பதிய வேண்டும். அந்தத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும். நான் அப்போது எழுந்து போயிருந்தேன். மறுபடி முதலிலிருந்து.

நீ விண்டோஸையே புதிதாகப் போடப் போவதாக எழுதியிருந்தாய். அழிப்பதற்கு முன் விண்டோஸிலேயே இருக்கும் 'பிஎன்பியூட்டில்' (pnputil) கட்டளையால் தனியாக நிறுவிய டிரைவர்களையெல்லாம் ஒரு ஃபோல்டருக்கு ஏற்றுமதி செய்து பென்டிரைவில் வைத்துக்கொள். மறந்துவிட்டால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்பதைத் திறந்து ஹார்டுவேர் ஐடியைப் பார். 'வென்' (VEN) என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் அட்டையிலுள்ள சில்லைத் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். இன்டெல் என்றால் 8086. 1978-இல் அவர்கள் வெளியிட்ட சில்லின் எண் அது, இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்! 'டெவ்' (DEV) என்பதை அடுத்து வருவது அந்தச் சில்லின் மாடல். இரண்டையும் போனில் தேடினால் எந்த டிரைவர் என்று தெரிந்துவிடும்.

எந்த நாளில் அழிக்கப் போகிறாய் என்று முன்னாலேயே சொல். அன்று போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்