முயலுக்கு வேண்டியது வைக்கோல் அல்ல, உலர் புல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலோ கடலூரிலோ செல்லப்பிராணிக் கடையில் முயலுக்குக் காய்ந்த புல் கேட்டால், வெளிநாட்டு டிமோத்தி ஹே பொட்டலத்தைத்தான் காட்டுகிறார்கள். கிலோ பல நூறு ரூபாய். அந்த விலை கட்டுப்படியாகாதவர்கள் பெல்லட்டோடு (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) நிறுத்திக்கொள்கிறார்கள். இல்லையென்றால் பாகூர்ப் பக்கமிருந்து ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் போடுகிறார்கள். இரண்டுமே முயலைக் கெடுக்கும்.

நெல் முற்றி, சத்தெல்லாம் மணிக்குப் போனபின் மிஞ்சும் தாள்தான் வைக்கோல். மாடு அசைபோட்டுச் செரித்துக்கொள்ளும். முயல் அசைபோடும் பிராணி அல்ல. கூண்டில் படுக்கையாக விரிக்கலாம், அவ்வளவுதான். உலர் புல் என்பது கதிர் எட்டிப்பார்க்கும் பருவத்தில் பச்சையாக அறுத்து, பச்சை நிறம் போகாமல் காயவைத்தது. வளர்ந்த முயலின் உணவில் நூற்றுக்கு 80 பங்கு இதுவாக இருக்க வேண்டும். முயலின் முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும்; கடைவாய்ப் பல்லும் வளரும். நீளமான புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் அவை தேயும். கேரட்டும் முட்டைக்கோசும் பல்லைத் தேய்க்காது. தேயாத பல் நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும், முயல் தீனியைக் குறைக்கும், குடல் ஓட்டம் நின்றுபோகும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் ஒரு முயல் உட்கார்ந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டிமோத்தி குளிர்நாட்டுப் புல். நார் நிறைந்தது, சுண்ணாம்புச் சத்து மட்டானது என்பதால்தான் அதற்கு மதிப்பு. நம் அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் அந்த வேலையைச் செய்யும். அருகம்புல் மெல்லியது, முயல் விரும்பித் தின்னும். கொழுக்கட்டை சற்றுத் தடித்தது, பல்லுக்கு நல்லது. இரண்டையும் கலந்து போடுவதே சிறப்பு. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லையும் வாங்கலாம். ஆனால் தண்ணீர் தெளித்த கட்டை அப்படியே வைத்தால் ஒரே இரவில் உள்ளே சூடேறி மக்கத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து உதற வேண்டும். சாலையோரப் புல்லும், சாக்கடை பாயும் இடத்துப் புல்லும், களைக்கொல்லி அடித்த வரப்புப் புல்லும் வேண்டவே வேண்டாம்.

காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலைப் பனி உலர்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் அறுங்கள். தார்ப்பாய்மீது நான்கு விரல் உயரத்துக்கு மேல் குவியாமல் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். முதல் நாள் வெயில் போதும்; இரண்டாம் நாள் நிழலில், காற்றோட்டத்தில். நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் வெளுத்து, இலை நொறுங்கிக் குச்சிதான் மிஞ்சும். இரவில் வெளியே விட்டால் கடற்காற்றின் ஈரத்தை மறுபடி குடித்துவிடும். மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் தண்டு தடிமனானது. வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் கணுவுக்குள் ஈரம் நிற்கும், அங்கிருந்துதான் பூசணம் கிளம்பும். அதில் இலையை மட்டும் உருவிக் காயவையுங்கள். யூரியா போட்டுச் சில நாளே ஆன புல்லில் கெடுதல் செய்யும் நைட்ரேட் மிகுந்திருக்கும், காயவைத்தாலும் அது போகாது.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குப் புல்லை நறுக்கிப் போட்டு, இரண்டு தேக்கரண்டி தூள் உப்பு சேர்த்து மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. கட்டிபிடித்தால் இன்னொரு நாள் காயட்டும். பிறகு சாக்கு அல்லது துணிப்பையில் போட்டு, தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துவிடும். எடுத்து உதறும்போது தூசி புகைபோல எழுந்தாலோ, புழுங்கல் வாடை அடித்தாலோ, தயங்காமல் அதைக் குப்பைக்குழியில் போடுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். முயல் மசாலும் குதிரை மசாலும் பயறு வகைத் தீவனங்கள். புரதமும் சுண்ணாம்பும் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினை முயலுக்கும் நல்லது. வளர்ந்த முயலுக்கு அதையே தினமும் போட்டால் சிறுநீர் சுண்ணாம்புக் கரைசல்போல வெளுக்கும், கல் சேரும். விருத்தாசலம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் கடலைக்கொடிக்கும் இதே கணக்குதான். தவிர, மண்ணை உதறி, இலையில் கரும்புள்ளியோ பூசணமோ இருந்தால் தள்ளிவிட வேண்டும். சவுண்டல் (சூபாபுல்) மரத்தழையும் வேண்டாம்; அதில் உள்ள மைமோசின் என்ற நச்சு முடியை உதிர்க்கும்.

இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்குச் சிந்தியது போக மாதம் 3 கிலோ உலர் புல் வேண்டும். பத்து கிலோ பச்சைப் புல் காய்ந்தால் இரண்டு, இரண்டரை கிலோதான் தேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே எதுவும் காயாது. ஆகவே ஆவணிக்குள் ஒரு முயலுக்குப் பத்து கிலோவாவது கையிருப்பு வேண்டும். புதுப்புல்லுக்கு மாற்றும்போது பழையதோடு கலந்து, இரண்டு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். முயல் கழிக்கும் தட்டுக்குப் பக்கத்திலேயே புல்லை வைத்தால் தானாகவே கூடுதலாகத் தின்னும்.

மாடியும் முற்றமும் இல்லாத வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் செய்ய முடியாது. அவர்களுக்காக ஒரு வேண்டுகோள். குரும்பாப்பேட்டில் வேளாண் அறிவியல் நிலையமும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கடலூர் மாவட்டத்துக்கு விருத்தாசலத்தில் ஒரு வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தீவனப்புல் பயிரிடும் விவசாயிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொழுக்கட்டைப் புல்லை உலர்த்தி விற்க இவர்கள் பயிற்சி தரலாம். மாட்டுக்காரருக்குக் கட்டுகட்டாகத் தேவை, முயல் வீட்டுக்கு இரண்டு கிலோ கட்டு போதும். அதில் புல்லின் பெயரும், அறுத்த தேதியும், மருந்து அடித்ததா இல்லையா என்பதும் எழுதியிருந்தால் கடைக்காரர் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டு முயல் வளர்ப்போர் சிலர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.