லாட்டரிச் சீட்டு அல்ல, கைவேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றி வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 1964ஆம் ஆண்டு அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாருக்குப் பதிலாக டிரம்ஸ் வாசித்த ஜிம்மி நிக்கோலுக்கு ஒதுக்கிய ஒரே பத்தியில், அவருக்கு ‘லாட்டரி விழுந்தது’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. மெல்லிசைக் குழுக்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் டிரம்ஸ் வாசித்து, அதில் பாதிக் கச்சேரிகளுக்குப் பதில் ஆளாகவே போய் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூன் 3ஆம் தேதி காலை, லண்டனில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ரிங்கோ மயங்கி விழுந்தார். டான்சில் வீக்கம் என்று அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். மறுநாளே கோபன்ஹேகனில் கச்சேரி. ரிங்கோ இல்லாமல் தானும் வரப்போவதில்லை என்று குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் மறுத்ததைக் கட்டுரையாளர் ‘பிடிவாதம்’ என்கிறார். கூட இருப்பவனை விட்டுக்கொடுக்காத குணம் என்றுதான் நான் சொல்வேன். மேலாளர் பிரையன் எப்ஸ்டீனும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பேசித்தான் அவரை இணங்கவைத்தார்கள்.

பதில் ஆளாக மார்ட்டின் ஏன் நிக்கோலின் பெயரைச் சொன்னார் என்பதுதான் கட்டுரையில் விடுபட்டுப்போன செய்தி. அந்தக் காலத்தில், புகழ்பெற்ற பாடல்களைப் பெயர் தெரியாத கலைஞர்களைக் கொண்டு அப்படியே வாசிக்கவைத்து, மலிவு விலை இசைத்தட்டுகளாக விற்கும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. பீட்டில்ஸ் பாடல்களைக் கொண்ட அத்தகைய தட்டு ஒன்றில் டிரம்ஸ் வாசித்தவர் நிக்கோல். அதாவது, அழைப்பு வருவதற்கு முன்பே அந்தப் பாடல்கள் அவர் கையில் இருந்தன. ரிங்கோ விழுந்த அன்று பிற்பகலே ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறு பாடல்களை ஒத்திகை பார்த்தார்கள். மறுநாள் மாலை அவர் மேடையில் இருந்தார். இப்படி ஒருவர் கிடைத்ததில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்திருந்தால் அது எப்ஸ்டீனுடையது.

அந்தப் பாடல்களை வாசிப்பதும் எளிதன்று. ரிங்கோ இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆனால் வலக்கைக்காரர்களுக்கென அடுக்கிய டிரம்ஸில் வாசிப்பவர். அதனால் அடிகளுக்கு இடையே அவர் போடும் உருட்டுகள் மற்றவர்கள் கைக்கு வராத ஒரு வழியில் போகும். ஹை-ஹாட் எனப்படும், காலால் மூடித் திறக்கும் இரட்டை உலோகத் தட்டுகளைப் பாதி திறந்து வைத்து, குச்சியைப் பக்கவாட்டில் வீசிவீசி வாசிக்கும்போது எழும் அந்த ‘சொர்’ என்ற இரைச்சல்தான் அக்காலத்து பீட்டில்ஸ் பாடல்களுக்கே அடித்தளம். இதை இன்னொருவருடைய டிரம்ஸின் பின்னால், இன்னொருவர் உயரத்துக்குத் தைத்த உடையில் அமர்ந்து செய்ய வேண்டியிருந்தது. ரிங்கோவின் கால்சட்டை நிக்கோலுக்குக் குட்டை. ரிங்கோ பாடும் பாட்டை மட்டும் நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்றவை எல்லாம் அவர் தலையில்தான்.

ஜூன் 5ஆம் தேதி நெதர்லாந்தின் ஹில்லெகோமில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பதிவு இருக்கிறது. இசைத்தட்டை ஓடவிட்டு அதற்கு இசைந்து பாடும் நிகழ்ச்சி அது. இளைஞர் கூட்டம் மேடையேறிச் சூழ்ந்துகொள்ள, மற்ற மூவரும் இறங்கிப் போய்விடுகிறார்கள். நிக்கோல் மட்டும் பாட்டு ஓடும்வரை டிரம்ஸை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறார். பதில் ஆளாகப் போனவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும்: கலைந்து போகலாம் என்று நமக்கு யாரும் சொல்வதில்லை.

பிறகு ஹாங்காங், அதன் பிறகு அடிலெய்டில் 2 நாட்களில் 4 காட்சிகள். ஜூன் 14 அன்று ரிங்கோ மெல்போர்னில் வந்து சேர்ந்துகொண்டார். மறுநாள் காலை, மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் விடைபெறாமலேயே நிக்கோல் கிளம்பினார். விமான நிலையத்தில் எப்ஸ்டீன் அவரிடம் 500 பவுண்டு காசோலையும் நன்றி வாசகம் பொறித்த தங்கக் கைக்கடிகாரமும் கொடுத்தார். அடுத்த ஆண்டே 4,000 பவுண்டுக்கு மேற்பட்ட கடனோடு அவர் திவாலாகி நின்றதைக் கட்டுரையாளர் ‘அதிர்ஷ்டம் கைவிட்டது’ என்று முடித்துவிடுகிறார். அவர் சொந்தக் குழுவை வைத்து இசைத்தட்டுகள் வெளியிட்டார், அவை விற்கவில்லை என்பதுதான் நடந்தது. ரிங்கோவின் இடத்தில் அவரைப் பார்க்க முண்டியடித்த கூட்டம் அவர் பெயரில் வந்த தட்டை வாங்கவில்லை. அந்தப் பயணத்தில் எப்படிப் போகிறது என்று கேட்டபோதெல்லாம் ‘தேறி வருகிறது’ என்று நிக்கோல் சொன்ன பதிலை மட்டும் பீட்டில்ஸில் ஒருவரான பால் மெக்கார்ட்னி மறக்கவில்லை. அக்குழுவின் 1967ஆம் ஆண்டு இசைத்தட்டில் அது ஒரு பாட்டாகவே வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையுடன் வெளியான கோபன்ஹேகன் மேடைப் படத்தின் கீழ், இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கொடுத்து, டிரம்ஸுக்குப் பின்னால் இருப்பவரை ரிங்கோ ஸ்டார் என்று குறித்திருக்கிறீர்கள். படத்தின் தேதி 1964 ஜூன் 4 என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அன்று ரிங்கோ லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்தார். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி