எந்தப் பனி உருகினால் கடல் ஏறும்?

ஆசிரியருக்கு,

துருவப் பனி உருகினால் கடல் உயரும் என்று பொத்தாம் பொதுவாக எழுதுகிறார்கள். எந்தப் பனி என்பதல்லவா கேள்வி? தம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழிவதில்லை. மிதக்கும் கடற்பனியும் ஏறக்குறைய அப்படியே. நிலத்தின் மேல் கிடக்கும் பனி கடலில் சேர்ந்தால்தான் வினை. சுமார் 36,000 கோடி டன்னுக்கு 1 மில்லிமீட்டர் ஏறும்.

மேற்கு அண்டார்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாறு முழுதும் கரைந்தால் சுமார் 65 செ.மீ. உயர்வு. அதன் அடித்தரை கடல்மட்டத்துக்குக் கீழே, உள்நோக்கிச் சரிந்து கிடக்கிறது. வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர் (வெதுவெதுப்பு என்றாலும் 1 டிகிரி செல்சியஸ் அளவுதான்) அடியில் புகுந்து அரிக்கிறது. பனி தரையைவிட்டு மிதக்கத் தொடங்கும் கோடு பின்வாங்கப் பின்வாங்க, அங்குள்ள பனியின் தடிமன் கூடி, இன்னும் வேகமாகக் கடலுக்கு வழிகிறது.

அடுத்த முறை வரைபடம் அச்சிடும்போது மிதக்கும் பனியையும் தரைப்பனியையும் வெவ்வேறு நிறத்தில் காட்டுங்கள்.

– வாசகர்