பேத்தியின் கட்டுரையும் ஒரு சிவப்புக் கோடும்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ராமு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊசி என்றதும் டாக்டரிடம் "அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லி நழுவிவிட்டாயாமே, தங்கச்சி போனில் சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மை குத்த வந்த அன்று மரம் ஏறிய புத்தி இன்னும் போகவில்லை உனக்கு. சீனு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. என்னால் வர முடியாது, பெரியவன் வருவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயுசு முழுக்க ஆங்கில வாத்தியாராக இருந்தவன் நீ. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

பேத்தி இந்த வருஷம் பிஎஸ்எல்இ, அதாவது இங்கே தொடக்கப்பள்ளி முடிவில் வரும் தேர்வு, எழுதுகிறாள். டியூஷனில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரையில் சேர்க்க வேண்டிய "நல்ல சொற்கள்" என்று தலைப்பு. ஸ்வெர்ல், வர்ல்விண்ட், வோர்டெக்ஸ், டர்மாயில், டர்புலன்ஸ், மேல்ஸ்ட்ராம் என்று சுழலையும் கலக்கத்தையும் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே பொருள்: மனக்குழப்பம். கட்டுரைக்குக் குறைந்தது இரண்டு போட வேண்டுமாம். பையன் பந்தைத் தொலைத்தாலும் அவன் மனதில் ஒரு மேல்ஸ்ட்ராம், பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தாலும் ஒரு மேல்ஸ்ட்ராம். தாளைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, ராமு.

விடுமுறையில் அவளை மரினா சவுத் பியரிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகில் கூட்டிப்போனேன். போகும் வழியில் ஒரு பச்சை மிதவை. ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், வேகமாக இழுத்துக்கொண்டிருந்த நேரம், அதனால் நன்றாகச் சாய்ந்து நின்றது. தண்ணீர் அதன் இரண்டு பக்கமும் பிளந்து ஓடுகிறது. பின்னால் உடனே ஒன்றுசேர முடியாமல் உள்பக்கமாக மடங்கிச் சுழல்கிறது. இடப்பக்கம் ஒரு சுழி உருவாகிக் கழன்று போனதும் வலப்பக்கம் இன்னொன்று, எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு கிளம்புகிறது. இப்படி மாறி மாறி வரும் சுழிகளுக்குக் கார்மன் என்ற ஹங்கேரிக்காரர் 1911, 1912 வாக்கில் கணக்கு எழுதியிருக்கிறார். அவளுக்குக் கணக்கா முக்கியம்? ஒரு பாட்டில் மூடி சுழியில் சிக்கி, ஓட்டத்துக்கு எதிராக மிதவையை நோக்கித் திரும்பி வந்தது. "தாத்தா, அது திரும்பி வருது!" என்று கத்தினாள். அதற்குப் பெயர்தான் எடி என்றேன். போகிற தண்ணீரில் ஒரு பகுதி மட்டும் மடங்கித் திரும்பி வருவது.

வீட்டுக்கு வந்து கட்டுரையில் அதை அப்படியே எழுதினாள். மிதவையின் பின்னால் சின்னச் சின்ன எடிகள், அதில் ஒரு நீல மூடி. நான் படித்ததிலேயே அவள் எழுதிய நல்ல வாக்கியம் அதுதான். டியூஷனில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, "இன்னும் வலுவான சொல் போடு" என்று பக்கத்தில் மேல்ஸ்ட்ராம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மேல்ஸ்ட்ராம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நார்வேயில் லோஃபோட்டன் தீவுகளின் தென்கோடியில், ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் கடல் புரண்டு சுழலும் இடம். சுவீடன் பாதிரியார் ஓலாஸ் மாக்னஸ் 1539இல் அச்சிட்ட வரைபடத்திலேயே அந்தச் சுழலைப் போட்டிருக்கிறார். அரைக்கிற ஓட்டம் என்று டச்சுக்காரர்கள் வைத்த பெயர். அந்த மாதிரி தண்ணீருக்கு உரிய சொல்லைக் கொண்டுபோய் ஒரு பாட்டில் மூடியைச் சுற்றிக் கட்டினால் எப்படி? நான் கப்பல்களை இழுக்கிற, தள்ளுகிற டக் படகில் வேலை செய்த காலத்தில் கேப்டன் "எடி இருக்கு, பார்த்து" என்பார். எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கம் தள்ளும் என்று கேட்டவனுக்கு உடனே புரியும். அந்தச் சொல்லை நம்பித்தான் கயிறு வீசினோம்.

சர்ன் என்பதும் அந்தத் தாளில் உண்டு. கப்பலைத் தள்ளும்போது டக்கின் பின்புறத்தில் அடிச்சேறு மேலே வந்து தண்ணீர் பழுப்பாகும், மத்தால் மோர் கடைகிற மாதிரி. அடியில் இருப்பது மேலே வர வேண்டும், அப்போதுதான் அது சர்ன். ஸ்வெர்ல் என்றால் மெதுவாக, அழகாகச் சுற்றுவது. காற்றில் இலை, பாலில் விட்ட கோப்பி. டர்மாயில் என்று தண்ணீரைப் பார்த்து யாரும் சொல்வதில்லை, அது சந்தைக்கும் அரசியலுக்கும் வீட்டுக்கும்தான்.

டர்புலன்ஸ் இங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது. 2024 மே 21ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த விமானம் மியன்மார் வான்வெளியில் குலுங்கியதே, அதற்கப்புறம்தான். 4.6 விநாடியில் 178 அடி இறங்கியது என்று முதற்கட்ட விசாரணை அறிக்கை சொன்னது. இருக்கை வார் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஒருவர் இறந்துபோனார், விமானம் பாங்காக்கில் இறங்கியது. அந்த வாரம் எதிர் புளோக்கில் இருக்கும் சீனப் பாட்டிகூட என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லும்போது இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதே சொல் பேத்தியின் தாளில் "தேர்வுக்கு முந்தைய பதற்றம்" என்ற உதாரணத்தோடு இருக்கிறது.

உவமையாகச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஆட்களும்தானே மக்கள் கொந்தளித்தார்கள் என்கிறோம். ஆனால் கடல் கொந்தளிப்பதைப் பார்த்தவன், அல்லது பார்த்தவன் சொல்லக் கேட்டவன் அதைச் சொன்னான். இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காட்டாமலே சொல்லை மட்டும் கொடுக்கிறார்கள். நாளைக்கு இவர்களுக்கு உண்மையிலேயே ஒரு பெரிய கஷ்டம் வந்தால் எந்தச் சொல்லை எடுப்பார்கள்? பெரிய சொல்லையெல்லாம் பந்து தொலைந்ததற்கே செலவழித்துவிட்டார்களே.

கலியனை நினைத்துக்கொண்டேன். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளத்தில் மேலே தண்ணீர் ஆடாமல்தானே கிடந்தது. ஓடக்காரத் தாத்தா மட்டும் "அங்கே சுழி இருக்குடா" என்று கத்தினார். நீயும் நானும் நின்றோம். அந்த ஒரு சொல் அன்றைக்கு நம் இரண்டு பேரையும் கரையில் நிறுத்தியது. இதைப் பேத்தியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் வயது வரட்டும்.

டியூஷனில் போய்ச் சண்டை போடாதே என்று மகன் கேட்டுக்கொண்டான், ஒத்துக்கொண்டேன். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுது, ஆங்கிலத்திலேயே எழுது. ஆடியில் காவிரிக்குத் தண்ணீர் வந்ததும் நம் படித்துறைத் தூண்களுக்குப் பின்னால் எப்படிச் சுற்றும், பாலத்தடியில் எப்படிச் சுற்றும் என்று ஒவ்வொன்றையும் அதற்குரிய சொல்லோடு எழுது. "எடி என்று நீ எழுதியது சரி" என்று முதல் வரியிலேயே போடு. தாத்தா சொன்னால் செல்லம் என்பாள், வாத்தியார் சொன்னால் நம்புவாள். செப்டம்பர் கடைசியில் அவளுக்கு எழுத்துத் தேர்வு. தபால் தாமதமாகும், எழுதிப் படம் எடுத்துத் தங்கச்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்.

அன்புடன்,
மணி