வீடு யார் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், கேரளாவில் மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர்களைப் பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது. நாலைந்து தலைமுறை ஆகியும் இவர்கள் மேலே வராததற்குக் குடியும், பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லாததும்தான் காரணம் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். நான் தேவிகுளம் தாலுகாவில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர். தபால் வழியில் சமூகவியல் எம்.ஏ. முடித்துவிட்டு, இப்போது தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

வாசகர் சொல்வது பழைய வாதம். மெக்சிகோவின் ஏழைக் குடும்பங்களோடு பழகி ஆராய்ந்த ஆஸ்கார் லூயிஸ் 1959-ல் ‘வறுமைப் பண்பாடு’ என்ற கருத்தைச் சொன்னார். ஏழ்மையில் வளரும்போது சில பழக்கங்கள் ஊறிவிடுகின்றன, அவை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகின்றன என்பது அதன் சாரம். பிறகு வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, ஏழையின் கஷ்டத்துக்கு ஏழையேதான் காரணம் என்று பேசத் தொடங்கினார்கள். அடிபட்டவன் தலையிலேயே பழியைப் போடுகிற வேலை இது என்று 1971-ல் வில்லியம் ரயான் கடுமையாக மறுத்தார்.

குடி இல்லை என்று சொல்ல மாட்டேன். என் அப்பாவும் குடித்தார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு படிப்பு நின்றுபோனது அதனால் அல்ல.

2006-ல் அம்மாவுக்கு 58 வயது முடிந்தது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கிறவரைதான் குடியிருக்கலாம். வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சங்கரன்கோவில் பக்கம் ‘சொந்த ஊர்’ என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் இடத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. வீட்டை வைத்துக்கொள்ள ஒரே வழி, குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிவதுதான். அக்கா அப்போது பிளஸ் டூ முடித்து, தேனியில் நர்சிங் படிக்க இடம் வாங்கி வைத்திருந்தாள். சேருவதற்காக பாஸ்போர்ட் அளவில் எட்டு போட்டோ எடுத்திருந்தாள். அதில் இரண்டைத்தான் தோட்ட ஆபீசில் கொடுத்துப் பேர் பதிந்தாள். அடுத்த திங்கட்கிழமை, நல்ல மழையில், அம்மாவின் சாக்கையே இடுப்பில் கட்டிக்கொண்டு மஸ்டருக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போனாள். மிச்சம் ஆறு போட்டோவும் இன்னும் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கின்றன. அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் நான் எம்.ஏ. வரை படித்தேன்.

இதில் அக்கறையின்மை எங்கே இருக்கிறது என்று அந்த வாசகர் சொல்லட்டும்.

நல்ல வாய்ப்புகளைக் கையில் வைத்திருக்கும் கூட்டம் மற்றவர்களை வெளியே நிறுத்த ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளும், அது மொழியாகவும் இருக்கலாம், பிறப்பாகவும் இருக்கலாம் என்றார் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். பாடத்தில் படித்தபோது எனக்குச் சாதிச் சான்றிதழ்தான் ஞாபகம் வந்தது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த உரிமை அவரோடு சேர்ந்து வராது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே கேரளாவில் சான்றிதழ் வாங்க, தாத்தா 1950-க்கு முன்பே மலையேறிவிட்டார் என்று நிரூபிக்க வேண்டும். அவர் பெயர் தோட்டப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் ரேஷன் கார்டில் வேறுவிதமாகவும் இருந்தது. இங்கே ஓர் அலுவலகத்தில், "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்" என்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஓர் அலுவலகத்தில், "கேரளாவில் பிறந்தவளுக்கு நாங்கள் எப்படித் தருவது?" என்றார்கள். தேவிகுளம் தனித்தொகுதி எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கேள்வி எழுந்து, 2025-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் தீர்ந்தது. ஒரு கூலிக்காரர் மகள் எத்தனை படி ஏற முடியும்?

அமெரிக்காவில் கார்மைக்கேலும் ஹாமில்டனும் 1967-ல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள். பர்மிங்காம் நகரில் தேவாலயத்தில் குண்டு வைத்துக் கறுப்பினக் குழந்தைகளைக் கொன்றால் ஊரே பதறுகிறது. அதே ஊரில் நல்ல உணவும் வீடும் வைத்தியமும் இல்லாமல் வருடத்துக்கு 500 கறுப்பினக் குழந்தைகள் சாவது யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டாவதில் கொலைகாரன் என்று கைகாட்ட ஒரு ஆள் கிடையாது, அமைப்பே அதைச் செய்கிறது என்றார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்களே, அப்போது இதைத்தான் நினைத்தேன். மழை ஆள் பார்த்துப் பெய்யவில்லை. ஆனால் மலைச்சரிவின் அடியில் வரிசையாக லயம் கட்டி, வேறு எங்கும் வீடு வாங்க முடியாத கூலியில் ஆளை வைத்திருந்தால், மண் யார் மேல் விழும்? இறந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்.

அந்தக் கூலிக்கும் விளக்கம் உண்டு. ஒரே நாட்டில் இருவேறு இனத்தாரின் உழைப்புக்கு இருவேறு விலை இருப்பதை எட்னா போனசிச் 1972-ல் விளக்கினார். ஆள் பிடிக்கும் நாளிலேயே அந்த விலை முடிவாகிவிடுகிறது என்பது அவர் வாதம்: கையில் காசு இல்லை, போகிற இடத்தைப் பற்றித் தெரியாது, பின்னால் நின்று கேட்க அரசு இல்லை. என் பாட்டி போடியிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறியது, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தில். சாகிறவரை, அந்தக் கடன் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. 2015-ல் மூணாறுத் தோட்டத்துப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடாமல் சாலையில் உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய். கீழே சமவெளியில் கட்டட வேலைக்குப் போகிற ஆளுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். போராடிய பிறகுதான் 301 ஆனது.

நம் ஆட்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இப்போது காலியான லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் வந்திருக்கின்றன. "அவங்களுக்குச் சுத்தம் கிடையாது, பிள்ளைங்களைப் படிக்க வைக்க மாட்டாங்க" என்று நம் வாயாலேயே கேட்கிறேன். தமிழர் என்பதால் எங்களை இளக்காரமாகப் ‘பாண்டி’ என்று கூப்பிட்டவர்கள் சொன்னதும் இதே வார்த்தைதான். சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936-ல் எழுதினார். லயத்துக்குள்ளும் இன்று அதுவே நடக்கிறது. என்னிடம் படிக்க வரும் ஒரு ஜார்க்கண்ட் சிறுமி மூன்றே மாதத்தில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அவள் அம்மா எங்கள் லயத்துக்காரி ஒருத்தியோடு ஒரே நிரையில் பறிக்கிறார், இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஐயா, எங்களைப் பற்றி எழுதும்போது எங்கள் குணத்தை எழுதுவதற்கு முன், வேலையோடு ஒட்டாத ஒரு வீடும் நாலு சென்ட் நிலமும் ஓய்வு பெறுகிறவருக்கு ஏன் இல்லை என்று தங்கள் நாளிதழ் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அக்கா ஓய்வு பெற இன்னும் இருபது வருடம் இருக்கிறது. அவள் மகள் இப்போது ஏழாம் வகுப்பு.

இப்படிக்கு,
ஒரு தேயிலைத் தொழிலாளியின் மகள்,
தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)