வரலாற்று வாசகர் வட்டம் ஆண்டறிக்கை: கல்யாண வீட்டுல ராஜாக்கள், போஸ்ட் ஆபீஸ்ல ஒற்றன்

தலைவர் ஐயாவுக்கும் பொருளாளர் அக்காவுக்கும் மெம்பர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை அக்கா தனியா வாசிப்பாங்க, நான் அந்தப் பக்கமே போகல. கூட்டம் மாசா மாசம் நடந்துச்சு, மழை மாசத்துல மட்டும் கேன்சல்.

போன பொதுக்குழுவுல முடிவு பண்ண தலைப்பு, முதல் உலகப்போருக்கு முன்னாடி வல்லரசுங்க ஒன்னையொன்னு எப்படி வேவு பார்த்துச்சுங்கிறது. பாதிப்பேர் சென்னை மேல குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன் கதைன்னு நினைச்சு வந்துட்டாங்க. அது 1914 செப்டம்பர்ல, போர் ஆரம்பிச்ச பிறகு, அதனால அதைத் தள்ளி வச்சுட்டோம்.

முதல்ல மிலிட்டரி அட்டாஷே பத்தி பேசினோம். தூதரகத்துல யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்திருக்கிற ராணுவ ஆபீசர், போன நாட்டுக்காரங்களே அவரை விருந்துக்கும் போர்ப் பயிற்சி பார்க்கவும் கூப்பிடுவாங்க, அவரு பார்த்ததையெல்லாம் ஊருக்கு எழுதுவாரு, இதுல ஒளிவு மறைவு கிடையாது. ஆனா உள்ளூர் ஆளுக்குக் காசு குடுத்து ரகசியப் பேப்பர் வாங்கி மாட்டினா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுல ரஷ்ய அட்டாஷே மார்ச்சென்கோ 1910ல அப்படித்தான் கிளம்பினாரு, அடுத்து வந்த ஜாங்கேவிச்சுக்கு 1913ல அதே கதி. ஒழுங்கா வேலை பார்த்தவருக்கு மட்டும் என்ன மரியாதை? பெர்லின்ல இருந்த பிரெஞ்சு அட்டாஷே ஸ்டோஃபெல், பிரஷ்ய ராணுவம் எவ்வளவு தயாரா இருக்குன்னு 1866லேர்ந்து எழுதி எழுதிப் பார்த்தாரு, பாரிஸ்ல யாரும் பெருசா எடுத்துக்கல, 1870 போர்ல அந்தப் பிரஷ்யாகிட்டயே பிரான்ஸ் தோத்துப் போச்சு.

எல்லாரையும் உட்கார வச்சது 1913 மே 24. அன்னைக்கு பெர்லின்ல ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் வில்ஹெல்ம் பொண்ணுக்குக் கல்யாணம். ரஷ்ய ஜார் நிக்கோலஸ், இங்கிலாந்து ராஜா ஜார்ஜ் ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா வந்திருந்தாங்க. ஜெர்மன் கடற்கரையை வேவு பார்த்து 1910ல மாட்டின ட்ரெஞ்ச், பிராண்டன்னு ரெண்டு பிரிட்டிஷ் ஆபீசர்களை, ராஜா வந்த மரியாதைக்கு அந்த மாசம் கெய்சர் மன்னிச்சு விட்டாரு. அதே மே 24 சாயங்காலம் வியன்னா போஸ்ட் ஆபீஸ்ல, ஜாருக்கு ரகசியம் வித்த ஆஸ்திரியக் கர்னல் ஒருத்தர் வசமா சிக்குறாரு!

அவருதான் அல்ஃப்ரெட் ரெட்ல். இன்னைக்கு உக்ரைன்ல இருக்கிற லிவிவ்ல ரயில்வே ஊழியர் மகனாப் பிறந்து, ஆஸ்திரிய உளவுத்துறையில ஒற்றர்களைப் பிடிக்கிற வேலையையே வருஷக்கணக்கா பார்த்து, கடைசியில ப்ராக்ல எட்டாவது கோர்ங்கிற பெரிய படைப்பிரிவுக்கு சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆனவரு. வியன்னா போஸ்ட் ஆபீஸுக்குப் பொய்ப் பேர்ல வந்த லெட்டர் ஒன்னு வாங்க ஆளில்லாம பெர்லினுக்கே திரும்பிப் போக, ஜெர்மன்காரங்க பிரிச்சா உள்ள கத்தை நோட்டு. வியன்னாவுக்குச் சொன்னாங்க, போலீஸ் வாரக்கணக்கா போஸ்ட் ஆபீஸ்லயே காத்துக் கிடந்துச்சு, வந்து கையெழுத்து போட்டு வாங்கினது யாருன்னு பார்த்தா அவங்களுக்குப் பாடம் எடுத்த ஆளே.

இதுக்கப்புறம் ஆஸ்திரிய ராணுவம் செஞ்சதுதான் எனக்குப் பொறுக்கல. ராத்திரியோட ராத்திரியா ஆபீசர்ஸ் சில பேர் அவரு தங்கியிருந்த க்ளோம்சர் ஹோட்டல் ரூமுக்குப் போய் கொஞ்ச நேரம் பேசிட்டு வெளிய வந்தாங்க, அவரு கைக்குத் துப்பாக்கி வர ஏற்பாடு பண்ணாங்க, விடியறதுக்குள்ள தன்னைத்தானே சுட்டுக்கிட்டு ஆள் காலி. என்ன வித்தாரு, எப்போலேர்ந்து, கூட்டாளி யாருன்னு உட்கார வச்சு விசாரிக்க வேண்டாமா? மானம் போகக்கூடாதுங்கிற ஒரே கவலை, அதுவும் நிக்கல. ப்ராக் பத்திரிகை ஒன்னு தணிக்கையை ஏமாத்த, "அவரு ரகசியம் வித்தார்ங்கிறது வதந்தி"ன்னு மறுப்பு மாதிரியே செய்தி போட்டு ஊருக்கே சொல்லிடுச்சு.

1914ல ஆஸ்திரியா செர்பியாகிட்ட அடி வாங்கினதுக்கு ரெட்ல்தான் காரணமான்னு ரெண்டு கூட்டம் சண்டை போட்டோம், ஒரு தடவை டீ ஆறியே போச்சு. நான் ஒத்துக்கல. ஆஸ்திரியத் தளபதி போட்டியோரெக் திரும்பத் திரும்பப் படையெடுத்தாரு, டிசம்பர்ல செர்பியத் தலைநகர் பெல்கிரேடைப் பிடிச்சு ரெண்டே வாரத்துல விட்டுட்டு ஓடி வந்தாரு, இதுக்கு ஒற்றன் எதுக்கு? ரஷ்யா பக்கமும் வாங்கின சரக்கு முழுசா உதவல. போர் சமயத்துல ஆஸ்திரிய ராணுவத் தலைமை அதிகாரி கொன்ராட் தன் படைகள் கூடுற இடத்தை எல்லையிலேர்ந்து பின்னுக்குத் தள்ளிட்டாரு, பழைய பிளானை நம்பி வளைச்சுப் பிடிக்கலாம்னு ரஷ்யாக்காரங்க போட்ட கணக்கு அங்கதான் இடறுச்சு. மாத்துக் கருத்து இருக்கிறவங்க அறிக்கை மேல பேசலாம், தலைவர் அனுமதிச்சா.

வரப்போற வருஷத்துக்கு ரஷ்யா-ஜப்பான் போர் எடுக்கலாம்னு செயற்குழு சொல்லுது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஜப்பான் அட்டாஷேவா இருந்து, 1904ல போர் வந்ததும் ஸ்டாக்ஹோமுக்கு மாறி, ஜாரை எதிர்க்கிற புரட்சிக்காரங்களுக்குப் பணம் குடுத்த அகாஷி மோட்டோஜிரோவுலேர்ந்து தொடங்கலாம். தீர்மானத்தை முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் வேணும், சந்தா பாக்கி இருக்கிறவங்க அதுக்கு முன்னாடி அக்காவைப் பார்த்துட்டு வந்துடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்