யாரையாவது உட்கார வைத்து ஆடச் சொல், கண்ணு

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் கூரியரில் போட்டிருக்கிறோம், கைக்கு வந்ததும் ஒரு வரி போடு. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பெரியப்பா கேட்ட விஷயத்துக்கு இப்போது பதில் கேட்கவில்லை, அது மெதுவாக இருக்கட்டும். நீ செய்து அனுப்பிய பெட்டி தள்ளும் புதிர் விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் 14-ஆம் லெவல். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. 1982-இல் ஜப்பானில் திங்கிங் ராபிட் கம்பெனி சோகோபான் என்ற பெட்டி தள்ளும் விளையாட்டை வெளியிட்ட நாளிலிருந்து இதுதான் விதி. அதனால் மூலையில் போய் நின்ற பெட்டி செத்த பெட்டி. சோகோபானை உருவாக்கிய இமாபயாஷியின் அந்த விதியோடு, பக்கத்தில் பக்கத்தில் வந்த பெட்டிகள் ஒட்டிக்கொள்ளும் என்ற ஒன்றை இந்த லெவலில் நீ சேர்த்திருக்கிறாய். இடது மேல் மூலையில் ஒரு பெட்டி மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் வலப் பக்கம் இரண்டாவது பெட்டியை மேல் சுவரோடு ஒட்டி நிறுத்த வேண்டும். அந்த இரண்டாவதின் அடியில் மூன்றாவது. இப்போது மூலைப் பெட்டிக்கு நேர் கீழே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அங்கே போய் நின்று மூன்றாவதை வலப் பக்கம் தள்ளினால் மூன்றும் சேர்ந்து நகர்கின்றன, மூலையில் கிடந்தது வெளியே வந்துவிடுகிறது. சோகோபான் பழகிய கைகள் செத்ததென்று கைவிட்ட பெட்டியை இரண்டு பெட்டிகள் சேர்ந்து மீட்கின்றன. இதைக் கண்டுபிடித்தவள் என் மகள் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அதே லெவலில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இரண்டாவது பெட்டி வலப் பக்கம் ஒட்டிய பிறகு, மூன்றாவதை இடது சுவரோரமாக மேலே தள்ளிக்கொண்டு போய் மூலைப் பெட்டிக்கு அடியில் ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. வலப் பக்கம் நகர்த்த இடப் பக்கம் நிற்க வேண்டும், அங்கே சுவர். கீழே நகர்த்த மேலே நிற்க வேண்டும், அங்கேயும் சுவர். ஆனால் திரையில் எதுவும் மாறாது. ஆடுகிறவர் இன்னும் வழி இருக்கிறதென்று நம்பிச் சுற்றிச் சுற்றி வருவார். இதற்காக லெவலை மாற்ற வேண்டியதில்லை. செய்த அடியைத் திரும்பப் பெறும் அன்டூவை மாற்று. பத்து அடி வரைக்கும்தான் பின்னால் போகலாம் என்று ஏன் வைத்தாய்? பேபா ஈஸ் யூ என்ற புதிர் விளையாட்டில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் லெவலின் முதல் அடி வரை போய்விடலாம். பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்காரி 2017-இல் கேம் ஜாம் என்கிற, குறுகிய நேரத்தில் விளையாட்டு செய்யும் கூட்டத்தில் அதன் முதல் வடிவத்தைச் செய்து, 2019-இல் முழு விளையாட்டாக வெளியிட்டார். திரையில் கிடக்கும் சொற்களைத் தள்ளி விதியையே மாற்றும் விளையாட்டு அது. அவ்வளவு கடினமானதை ஜனங்கள் துணிந்து ஆடியதற்கு அந்தப் பட்டனும் காரணம் என்று நினைக்கிறேன். தப்புக்கு விலை வைத்தால் யாரும் புதிதாக எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள்.

இடம் போதாது என்று நீ சொல்ல முடியாது. உன் கட்டம் 12-க்கு 9, அதாவது 108 அறைகள். அறைக்கு ஒரு பைட் வீதம் ஒவ்வோர் அடிக்கும் முழுக் கட்டத்தையும் நகலெடுத்து வைத்தால்கூட, ஆயிரம் அடிக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் பைட்தான். ஒரு சின்னப் படம் அளவுக்குக்கூட வராது. ரீஸ்டார்ட் அழுத்தினாலும் அதையும் ஓர் அடியாகச் சேர்த்து வை. கை தவறி அழுத்தியவர் திரும்பி வர முடிய வேண்டும். பெட்டி நகரும் அனிமேஷன் ஓடும்போது அன்டூ அழுத்தினால் இப்போது பெட்டி சுவருக்குள் நிற்கிறது. நிலையை அனிமேஷன் முடிந்த பிறகு எழுதுகிறாய், அதுதான் காரணம். பட்டன் அழுத்திய உடனே நிலையை மாற்றிவிடு. அனிமேஷன் அதைக் காட்டுகிற வேலையை மட்டும் செய்யட்டும்.

19-ஆம் லெவல் ஒட்டாமலேயே முடிகிறது. இந்த மாதிரி ஓட்டைகளைக் கண்ணால் தேடாதே, லெவலைத் தானே தீர்த்துப் பார்க்கும் ஒரு சால்வர் புரோகிராம் எழுதிக்கொள். பெட்டிகள் நிற்கும் இடமும் ஆள் நிற்கும் இடமும் சேர்ந்தது ஒரு நிலை. 40 அறை தரை, மூன்று பெட்டி என்றால் 9,880 விதமாகப் பெட்டிகள் நிற்கலாம், அதை ஆளுக்கு மீதமுள்ள 37 இடத்தால் பெருக்கினால் 3,65,560 நிலைகள். ஓர் அடியில் எட்டும் நிலைகள், பிறகு இரண்டு அடியில் எட்டுபவை என்று வரிசையாகப் பார்க்கும் பிரெட்த் ஃபர்ஸ்ட் தேடல் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். ஐந்து பெட்டி என்றால் இரண்டு கோடியே முப்பது லட்சம் ஆகிவிடும். அப்போதும் முடியும், ஆனால் பார்த்த நிலைகளைச் சின்ன எண்ணாகச் சுருக்கி, அதாவது ஹேஷ் போட்டு வைக்காவிட்டால் மெமரி தின்றுவிடும். ஒட்டுவது பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் என்பதால் அதைத் தனியாகச் சேமிக்க வேண்டாம். பிறகு ஒட்டும் விதியை அணைத்துவிட்டு இன்னொரு தரம் ஓட்டு. அப்போதும் விடை வந்தால் அந்த லெவல் உன் விதியைச் சோதிக்கவில்லை, எடுத்துவிடு. மொத்தம் இருபது நல்ல லெவல் தேறினால் போதும்.

சால்வரால் ஒன்று மட்டும் முடியாது. மனுஷன் எங்கே மாட்டுவான் என்று அது சொல்லாது. அதற்கு யாரையாவது உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதுவரை யாருக்காவது காட்டினாயா, கண்ணு? பழைய ஆபீஸ் தோழி, போன தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்தாளே, அவளுக்குக் காட்டினாயா? மாடியில் இருக்கிற பெண்களுக்கு?

மூன்றாம் லெவலில் பெட்டி ஒட்டுவதையும் வழுக்குவதையும் சேர்த்தே அறிமுகம் செய்கிறாய். 2007-இல் வந்த போர்ட்டல், துப்பாக்கியால் சுவரில் இரண்டு நிறத் துளைகள் போட்டு ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியே வரும் விளையாட்டு; அதன் முதல் அறையில் ஆடுகிறவர் கையில் துப்பாக்கியே இல்லை. அப்புறம் ஒரே ஒரு நிறத் துளை. வெகு நேரம் கழித்துத்தான் இரண்டும். வெளி ஆட்களைக் கூப்பிட்டு ஆட வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வரிசையைச் சரி செய்தார்கள். நீ தனியாக உட்கார்ந்து யோசித்து அந்த வரிசையைக் கண்டுபிடிக்க முடியாது. உன் அறிவில் குறை என்று சொல்லவில்லை. விடை தெரிந்தவர் கண்ணுக்கு எல்லா லெவலும் சுலபம்தான்.

புது யோசனை வந்தால் நேராக உன் எஞ்சினில் எழுதாதே. ஸ்டீபன் லாவெல் 2013-இல் இலவசமாகக் கொடுத்த பசில்ஸ்கிரிப்ட் என்ற புதிர் விளையாட்டு செய்யும் கருவியில், பிரவுசரிலேயே ஒரு மாலையில் செய்து பார்த்துவிடலாம், அன்டூவும் ரீஸ்டார்ட்டும் அதிலேயே இருக்கின்றன. அதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: பெட்டி போய்ச் சேர வேண்டிய இலக்கையும் பெட்டியையும் ஒரே கொலிஷன் லேயரில் (ஒரே கட்டத்தில் ஒன்றன் மேல் ஒன்று நிற்க முடியாத அடுக்கில்) போட்டால் பெட்டி இலக்கின் மேல் ஏறவே ஏறாது. இலக்குக்குத் தனி லேயர் வேண்டும்.

முகப்பில் “மூளைத் திறனை வளர்க்கும்” என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. அப்படி விளம்பரம் செய்ததற்காகத்தான் மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமாசிட்டிக்காரர்கள் 2016-இல் அமெரிக்காவில் இருபது லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. பெட்டி தள்ளிப் பழகினால் பெட்டி தள்ளும் புதிர்களில் திறமை வரும். அதைத் தாண்டி ஞாபகசக்தி கூடும், மறதி தள்ளிப் போகும் என்று சொல்லத் திடமான ஆதாரம் கிடையாது. யோசிக்கிற சுகத்துக்காகத்தான் ஜனங்கள் ஆடுகிறார்கள். உன் விளையாட்டில் அது நிறைய இருக்கிறது, அதைச் சொன்னால் போதும்.

ஆட வைத்துப் பார்க்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். ஆளின் பின்பக்கமாக, திரை தெரிகிற மாதிரி உட்கார். வாயைத் திறக்காதே. “இதைத் தள்ளிப் பார்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஆள் வீணாகிவிட்டார், ஏனென்றால் ஓர் ஆள் முதல் தடவையாக ஆடுவது ஒரே ஒரு தரம்தான். காகிதத்தில் மூன்று விஷயம் குறி: எந்த லெவலில் கை நின்றது, எந்தத் தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தார், தனக்குத்தானே என்ன முணுமுணுத்தார். நன்றாக இருந்ததா என்று கேட்காதே, எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். அடுத்த லெவலைத் தானாகத் திறந்தாரா என்று பார். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் தப்பு லெவலில்தான். ஐந்தாறு பேர் போதும், அதில் இரண்டு பேராவது இந்த மாதிரி விளையாட்டே ஆடாதவர்களாக இருக்க வேண்டும். ஒரு நாளில் எல்லோரையும் கூப்பிடாதே. ஒருவர் ஆடி முடித்ததும் திருத்து, பிறகு அடுத்தவரைக் கூப்பிடு. வீட்டுக்கு வரச் சொல், டீ போட்டுக் கொடு. லிங்க் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை, ஆள் நேரில் இருக்க வேண்டும்.

ராத்திரி மூன்று மணிக்கெல்லாம் விளையாட்டின் புது பில்ட், அதாவது புது வடிவம், ஏற்றுகிறாய், தேதியும் நேரமும் அதில் தெரிகிறது. அந்த நேரத்தில் செய்த லெவலைக் காலையில் ஒரு தரம் ஆடிப் பார்த்துவிட்டு வை. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. வேலையை விட்டதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் ஈரோட்டில் காலை ரயில் ஏறி வருகிறோம். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவோம். அம்மா இந்த மாதிரி விளையாட்டு எதுவும் ஆடியதில்லை, 14-ஆம் லெவலின் விடையும் அவளுக்குத் தெரியாது. அவளை முதல் ஆளாக உட்கார வை. இரண்டு நாள் இருப்போம், முதல் நாள் ஆறாம் லெவல் வரைக்கும் போனால் போதும். நான் பின்னால் உட்கார்ந்து குறித்துக் கொடுக்கிறேன், வாய் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா